உம்மு ஸுஃபர் (ரலி) கேட்ட இரண்டாவது துஆ

ஸஹீஹுல் புகாரீயின் 'நோயாளிகள்' பாகத்தில் சிறியதொரு ஹதீஸ் உண்டு. கறுப்பினப் பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அவ்வேளையில் தம் ஆடை விலகிவிடுவதையும் கூறித் துஆச் செய்யுமாறு வேண்டினார். பொறுமை கொண்டால் சுவர்க்கம் உண்டு என்றும், விரும்பினால் குணமடையத் துஆச் செய்வதாகவும் நபியவர்கள் இரு வழிகளை முன்வைத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். எனினும் அத்துடன் திரும்பிச் செல்லவில்லை. ஆடை விலகாதிருக்கவேனும் துஆச் செய்யுங்கள் என்று மீண்டும் கேட்டார். நபியவர்களும் அவ்வாறே துஆச் செய்தார்கள். இந்நிகழ்ச்சியை இப்னு அப்பாஸ் (ரலி) தம் மாணவர் அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்கு எடுத்துரைத்தார்கள். அடுத்து வரும் அறிவிப்பு அப்பெண்மணியின் பெயரை உம்மு ஸுஃபர் எனக் குறிக்கிறது.

நம் ஜும்ஆ உரைகளில் இந்த ஹதீஸ் பெரும்பாலும் பொறுமையின் சிறப்போடு நிறைவுபெற்றுவிடுகிறது. பின்னால் வரும் துஆ சொல்லப்பட்டாலும், பெண்ணின் நாணத்துக்குச் சான்றாக மட்டுமே காட்டப்படுகிறது. அப்பெண்மணி செய்த முறையீடுகள் இரண்டு என்பதும், நபியவர்கள் அவற்றைத் தனித்தனியே ஏற்றுப் பதிலளித்தார்கள் என்பதும் நம் கவனத்துக்கு வருவதில்லை. நோய் தீர வேண்டும் என்பது ஒன்று. நோய் உள்ளவரை மானம் காக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. இக்கால வழக்கில் முன்னதை மருத்துவ ஆய்வு என்றும், பின்னதைச் சமுதாய ஆதரவு என்றும் சொல்லலாம்.

விரிவுரையாளர்களின் அக்கறை வேறொரு கேள்வியில் சென்றது: வலிப்பின் காரணம் யாது? இமாம் புகாரீ (ரஹ்) இப்பாடத்தின் தலைப்பில் 'ரீஹ்', அதாவது காற்று, என்னும் சொல்லைக் கையாண்டார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரீயில், காற்று அடைபடுவதாலும் வலிப்பு வரலாம், ஜின்களாலும் வரலாம் என இரு காரணங்களையும் பதிவு செய்தார்கள். அவர்களுக்கு முன்பே, ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம் (ரஹ்) ஸாதுல் மஆதில் இப்பகுப்பை விரிவாக எழுதியிருந்தார்கள். தீய ஆவிகளால் வருவது ஒரு வகை. உடலின் தாதுக்கள் கெடுவதால் வருவது மற்றொரு வகை. மருத்துவர்கள் பேசுவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே என்பது அவர்கள் கூற்று.

நம்மிடையே புழங்கும் நபிவழி மருத்துவச் சிறுநூல்கள் இந்த அத்தியாயத்தின் முற்பாதியையே எடுத்தாளுகின்றன. தம் ஆசிரியர் இப்னு தைமிய்யா (ரஹ்) ஒரு நோயாளியை அடித்து ஜின்னை வெளியேற்றியதாக இப்னுல் கய்யிம் எழுதும் பகுதி அவற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. உம்மு ஸுஃபரின் வலிப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்ததாக, அதாவது உடல்நோயாக இருக்கலாம் என்று அதே ஆசிரியர் பிற்பாதியில் எழுதுவது இடம்பெறுவதில்லை. மூலநூலுக்கு இழைக்கப்படும் அநீதி இது.

மூலநூலின் மீதும் ஒரு விமர்சனம் உண்டு. கண்முன் விழுந்து கிடப்பவரின் வலிப்பு இவ்விரண்டில் எது எனப் பிரித்தறிய அந்த அத்தியாயம் உறுதியான அளவுகோல் எதையும் தரவில்லை. அக்காலத்தில் அது இயலாது. 1929இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து வெளியிட்ட பிறகே அதற்கு வழி பிறந்தது. இல்லாத வாசனை வீசுவது, காரணமற்ற அச்சம் பற்றிக்கொள்வது, தன்னை மறந்து பேசுவது போன்ற குறிகள் நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளைப்பகுதியில் எழும் வலிப்பின் அடையாளங்கள் என்பது இன்று மருத்துவப் பாடம். முன்னோரை ஆவியின் பக்கம் திருப்பியவை பெரும்பாலும் இவையே. ஜின் என்னும் படைப்பு உண்டு என்பது நம் ஈமானைச் சேர்ந்தது. இன்ன வீட்டுப் பிள்ளையின் வலிப்புக்கு ஜின்தான் காரணம் என்று சொல்வதோ நோய் நிர்ணயம். அதைச் செய்வதற்குக் கல்வி வேண்டும்.

இக்கல்வி நமக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் நாட்டில் வலிப்புக்கான காரணங்களுள் ஒன்று, பன்றி நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்குவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் இது பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளனர். பன்றி இறைச்சி ஹராம் என்பதால் இந்நோய் நம்மை அணுகாது என்று கருதிவிடக் கூடாது. புழுவைக் குடலில் சுமப்பவரின் மலத்தின் வழியே வெளியேறும் முட்டைகள், கழுவாத கையாலும் காய்கறியாலும் அசுத்த நீராலும் எவர் வயிற்றையும் அடையும். பன்றி இறைச்சியே உண்ணாத நியூயார்க் யூதச் சமூகம் ஒன்றில் இந்நோய் கண்டறியப்பட்ட செய்தி 1992இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. தஹாரத் பற்றிய நம் பாடங்களில் இதற்கு இடமளிக்கலாம்.

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் என்றும், முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. விலை குறைந்த பழைய மருந்துகளைக் கொண்டே கிராமப்புறத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பதை, கர்நாடகத்தின் யளந்தூரில் டாக்டர் கே. எஸ். மணியின் குழு நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபியின் உம்மத்தில், உம்மு ஸுஃபரின் பொறுமையைக் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது. ரமழானில் மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்தினால், அது உயிருக்கே ஆபத்தான தொடர் வலிப்பில் கொண்டுபோய்விடக்கூடும். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது குர்ஆனே அன்றோ.

இரண்டாவது துஆவின் களம் வீடும் வீதியும் ஆகும். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், மனைவி மணவிலக்குக் கோருவதற்கான காரணங்களில் வலிப்பைச் சேர்க்கவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் இடம்பெற்றிருந்த அச்சொல்லும் 1999 திருத்தத்தில் நீக்கப்பட்டது. ஆயினும் நம் வீடுகளில் வலிப்பை மறைத்தே நிக்காஹ் நடக்கிறது. புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து உண்ணும் பெண், ஒருநாள் அகப்பட்டுவிடுவோம் என அஞ்சி அதை நிறுத்துகிறாள். அடுப்படியில் விழுகிறாள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் மூண்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் மாண்டனர். அது மனநோயாளிகளின் துயரம். வலிப்பு வேறு நோய். ஆனால் நோயாளியைக் கண்ணுக்கு மறைவாக வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்னும் மனப்போக்கு இரண்டிலும் ஒன்றே.

மக்காவில் நிலை வேறாக இருந்தது. ஹிஜ்ரி 27 வாக்கில் பிறந்த அதா, உம்மு ஸுஃபரைக் கஅபாவின் திரையருகே கண்டதாகக் கூறுகிறார்கள். அப்படியானால் நபியவர்களின் மறைவுக்குப் பல்லாண்டுகள் கழித்தும் அப்பெண்மணி ஹரமில் எல்லாரும் அறிய நடமாடியிருக்கிறார். குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவரான இப்னு அப்பாஸ் அவரைச் சுவர்க்கவாசி எனச் சுட்டிக்காட்டுகிறார்கள். அதைக் கேட்டு நமக்கு அறிவித்த அதாவும் கறுப்பர், ஒற்றைக் கண்ணர், கையும் காலும் ஊனமுற்றவர், பிற்காலத்தில் பார்வையை முற்றும் இழந்தவர் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். மக்காவின் முஃப்தியாக வீற்றிருந்தவர் அவர்தாம்.

உம்மு ஸுஃபரின் இரண்டாவது வேண்டுதலை நிறைவேற்றுவதில் நமக்கும் பங்குண்டு. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ ஒருவர் வலிப்பில் விழுந்தால், கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் எதையேனும் நுழைப்பதும் வேண்டா. கூட்டத்தை விலக்கி, தலைக்கு மெத்தென்று ஏதேனும் வைத்து, உடலை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஜமாஅத்துகள் இதைக் கற்பிக்கலாம். ஏழை நோயாளிகளின் மாத்திரைச் செலவை ஏற்கலாம். விழுந்தவர் பெண்ணாக இருப்பின், அருகில் நிற்பவர் தம் மேல்துண்டை எடுத்து அவர்மீது போர்த்தட்டும்.