பாட்டிலைப் பார்த்துப் போடும் மார்க்: வீட்டு போர்பன் சுவைப்பு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

சின்சினாட்டியில் வேலை பார்த்த மூன்று வருடங்களில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கங்களில் ஒன்று, போர்பன் விஸ்கிக்கு நோட்டு போடுவது. ஓஹையோ ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. டீமில் பாதிப் பேர் வீட்டு அடித்தளத்தில் ஒரு அலமாரி இருக்கும், அதில் முப்பது நாற்பது பாட்டில். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஆறு கிளென்கேர்ன் கிளாஸ், அதாவது கீழே குண்டாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் விஸ்கி கிளாஸ். ஒவ்வொன்றிலும் அரை அவுன்ஸ், ராவாக. மூக்குக்கு ஒரு வரி, நாக்குக்கு ஒரு வரி, தொண்டையில் இறங்கின பிறகு நிற்கும் ருசிக்கு ஒரு வரி. கடைசியில் நூற்றுக்கு மார்க்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 112 பதிவுகள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றினேன். ஒரு பத்தியில் மார்க், பக்கத்துப் பத்தியில் அன்றைக்கு அந்த பாட்டில் விற்ற விலை. வரைபடம் போட்டுப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. விலை ஏற ஏற மார்க்கும் ஏறுகிறது, அழகான கோடு. அதாவது நான் குடிக்காமலே, விலைச்சீட்டை மட்டும் பார்த்து அந்த மார்க்கைப் போட்டிருக்கலாம்.

இந்தக் குறிப்பு அதைப் பற்றியதுதான். வீட்டில் கூடி போர்பனை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் (நானும் அதில் ஒருத்தன்) எழுதும் சுவைக்குறிப்புகளில் பெரும்பகுதி பானத்தைப் பற்றியது இல்லை, பாட்டிலைப் பற்றியது என்பது என் வாதம்.

சாப்பிடாத பலகாரத்தின் வாசனை

முதலில் வர்ணனை. என் நோட்டில் பதினான்கு இடத்தில் "செர்ரி காப்ளர்" என்று எழுதியிருக்கிறேன். அது பழத்தின் மேல் மாவு போட்டு அடுப்பில் வேகவைக்கும் ஒரு அமெரிக்கப் பலகாரம். நான் அதை முதல் தடவை சாப்பிட்டது, அந்த வார்த்தையைப் பத்துப் பன்னிரண்டு தடவை எழுதி முடித்த பிறகு. "பழைய தோல் சேணம்" என்றும் ஓரிடத்தில் இருக்கிறது. நான் குதிரைப் பக்கத்தில்கூடப் போனதில்லை.

பின்னே எங்கிருந்து வந்தது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார், எனக்கும் அப்படியே இருந்தது. லேபிளில் இருந்தது, நாக்கிலும் வந்தது. இது பொய் இல்லை. எழுதும்போது எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது. அதுதான் பிரச்சினையே.

2001-ல் ஃபிரான்ஸின் போர்தோவில் மோரோ, பிரோஷே, துபூர்தியு என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒயின் தயாரிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயின் ஒன்றும், அதே வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த ஒன்றும் கொடுத்தார்கள். சாயம் போட்டதை வர்ணிக்க மாணவர்கள் பெரும்பாலும் எடுத்தது சிவப்பு ஒயினுக்கான சொற்கள். மூக்கு சொன்னதைக் கை எழுதவில்லை, கண் சொன்னதை எழுதியது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

போர்பனுக்கு அமெரிக்கச் சட்டம் கறாராக இலக்கணம் வைத்திருக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது. உள்பக்கம் கருக்கிய புதிய ஓக் மரத்தில் வைக்க வேண்டும். பாட்டிலில் 40-க்குக் குறையக் கூடாது. "ஸ்ட்ரெய்ட்" என்று போட்டால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும், நிறமோ மணமோ எதுவும் சேர்க்கக் கூடாது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, அமெரிக்காவுக்குள் எங்கே செய்தாலும் போர்பன்தான்.

இதனால் என்ன ஆகிறது? எல்லா போர்பனும் நெருங்கிய சொந்தக்காரர்கள். வெனிலா வாசனை எல்லாவற்றிலும் இருக்கும், ஏனென்றால் ஓக் மரத்திலிருந்து வெனிலின் இறங்குகிறது. மாறக்கூடியவை கொஞ்சம்தான்: மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியம் ரையா கோதுமையா, ஈஸ்ட், வயது, ஆல்கஹால் அளவு, கிடங்கில் பீப்பாய் எந்த மாடியில் இருந்தது. மேல் மாடி சூடு, கீழ் மாடி குளிர்ச்சி. மரத்தோடு சரக்கு பேசுவது இரண்டிலும் வேறு மாதிரி.

பஃபலோ டிரேஸ் வடிசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் வெல்லர் வருகிறது, அங்கேதான் பாப்பி வான் விங்கிளும் வருகிறது. இரண்டிலும் ரைக்குப் பதில் கோதுமை. வயதும் பீப்பாய்த் தேர்வும் வேறு. பாப்பியைக் கடை விலைக்கு வாங்க லாட்டரி மாதிரி அதிர்ஷ்டம் வேண்டும். கிடைக்காதவர்கள் இரண்டு வகை வெல்லரை வீட்டில் கலந்து "ஏழையின் பாப்பி" என்று பேர் வைத்துக் குடிக்கிறார்கள். எனக்கு இந்த உலகத்தில் பிடித்த விஷயமே இதுதான். அதில் கொஞ்சம் கிண்டலும் இருக்கிறது, சோதித்துப் பார்க்கும் ஆர்வமும் இருக்கிறது.

பிளான்டன்ஸ் இன்னொரு கதை. 1984-ல் ஒற்றைப் பீப்பாய் போர்பன் என்று சந்தைக்கு வந்தது. ஒரு பாட்டிலில் இருப்பது ஒரே பீப்பாயின் சரக்கு. எந்த நாளில் இறக்கியது, எத்தனையாம் பீப்பாய் என்று லேபிளிலேயே இருக்கும். அப்படியென்றால் என் பிளான்டன்ஸும் உங்கள் பிளான்டன்ஸும் ஒன்று இல்லை. "பிளான்டன்ஸுக்கு 91" என்று நான் எழுதினால் அந்த 91 எந்தப் பீப்பாய்க்கு? ஒருத்தரும் கேட்பதில்லை. மூடியின் மேல் ஓடும் குதிரை பொம்மைகளை எட்டு எழுத்தும் சேரும்வரை சேகரிப்பதில் இருக்கும் கவனம் இதில் இல்லை.

ஒருமுறை மறைத்து ஊற்றினோம்

எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு தடவை பாட்டிலை மறைத்து ஊற்றினோம். ஆறு கிளாஸ், கீழே எண் மட்டும். எங்களில் மூத்தவர் ஒருத்தர், மதுரைக்காரர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கடை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து, தெரிந்தவர் மூலம் வாங்கிய அரிய பாட்டில் ஒன்றை அன்றைக்குக் கொண்டுவந்திருந்தார். மார்க் எல்லாம் போட்டு முடித்துக் காகிதத்தைப் பிரித்தோம். அவர் தன்னுடைய பாட்டிலுக்கே ஆறில் ஐந்தாம் இடம் கொடுத்திருந்தார். முதலிடம் கொடுத்தது மளிகைக் கடை அலமாரியில் எப்போதும் கிடைக்கும் ஒன்றுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில், "பரவாயில்லண்ணே, கிளாஸ் வரிசை கூட ஒரு காரணமா இருக்கும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, நான் அதைக் குடிக்க வாங்கல. கிடைச்சுதுன்னு வாங்கினேன்" என்றார்.

அந்த மூன்று வருடத்தில் போர்பனைப் பற்றி நான் கேட்ட நேர்மையான வாக்கியம் அது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் மறைத்து ஊற்றுவது நின்றுபோனது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

2008-ல் பிளாஸ்மனும் சகாக்களும் செய்த ஆய்வில் ஒரே ஒயினை இரண்டு விலைச்சீட்டில் கொடுத்தார்கள், 10 டாலர், 90 டாலர். 90 என்று சொன்னபோது குடித்தவர்களுக்கு அதிகம் பிடித்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் ஸ்கேனில் அதிகம் வேலை செய்தது. அதே வருடம் ஹாட்ஜ்சன் வெளியிட்ட கட்டுரை: கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று தடவை, சொல்லாமல் ஊற்றினார்கள். மூன்றுக்கும் ஒரே பதக்க வகுப்புக்குள் மார்க் போட்டவர்கள் சுமார் பத்துக்கு ஒருத்தர்தான். இவையெல்லாம் ஒயின், போர்பன் இல்லை. அப்படியே பொருத்தக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடித்தளத்தில் உட்கார்ந்து நாங்கள் 91-க்கும் 92-க்கும் வித்தியாசம் பேசியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நான் செய்த சோதனை

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானே செய்து பார்த்தேன். முறை புதிதல்ல. உணவுத் தொழிலில் வழக்கமாகச் செய்யும் முக்கோணச் சோதனை: மூன்று கிளாஸ், இரண்டில் ஒன்றே, ஒன்றில் மட்டும் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றுக்கு ஒன்று சரியாக வரும். பத்துச் சுற்றில் ஏழாவது சரியாக வந்தால்தான் "வித்தியாசம் தெரிகிறது" என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

எந்தக் கிளாஸில் எது என்று பைத்தானில் நாலு வரி எழுதிச் சீட்டு அச்சடித்தேன். ஊற்றியது மனைவி. நான் வேறு அறையில். ஒரு கிளாஸுக்கு ஏழு மில்லி, ஒரு மாலைக்கு இரண்டு சுற்றுதான்.

முதல் ஜோடி: பஃபலோ டிரேஸ், ஈகிள் ரேர். ஒரே வடிசாலை, இரண்டும் 45 சதவீதம், ஈகிள் ரேருக்குப் பத்து வருட வயது. என் பழைய நோட்டில் இரண்டுக்கும் ஏழு மார்க் வித்தியாசம். பத்துக்கு ஆறு சரி. குருட்டாம்போக்கிலேயே ஆறோ அதற்கு மேலோ வர 7.7 சதவீதம் வாய்ப்பு உண்டு. வித்தியாசமே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, பத்துச் சுற்று கம்மி. ஆனால் ஏழு மார்க்? அதற்கு இடமே இல்லை.

இரண்டாவது ஜோடி: பஃபலோ டிரேஸ், மேக்கர்ஸ் மார்க். இரண்டும் 45 சதவீதம். முதலாவதில் ரை, இரண்டாவதில் கோதுமை. பத்துக்கு ஒன்பது! தற்செயலாக இப்படி வர சுமார் 2,800-ல் ஒரு வாய்ப்பு. என் நாக்கு மரக்கட்டை இல்லை என்று தெரிந்ததில் அல்ப சந்தோஷம்.

கிளாஸைக் கழுவும்போது மனைவி மோந்து பார்த்துவிட்டு, "ஏங்க, ஒண்ணு மரப்பட்டறை வாசனை. இன்னொண்ணு மரப்பட்டறையில யாரோ வெல்லப்பாகு காய்ச்சற மாதிரி இருக்கு" என்றாள். அவள் குடிப்பதில்லை. லேபிளும் படித்ததில்லை. வெல்லப்பாகு என்று அவள் காட்டியது கோதுமை போர்பனை. 112 பதிவில் இவ்வளவு தெளிவான வரி ஒன்றுகூட இல்லை.

எதிர்த்தரப்பு

இதற்கு நியாயமான பதில் ஒன்று உண்டு. குடிப்பது என்பது நாக்கு மட்டுமா, கதையும் சேர்ந்ததுதானே? 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க், சரக்குப் பற்றாக்குறையால் ஆல்கஹாலை 45-லிருந்து 42 சதவீதமாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ருசியில் வித்தியாசம் தெரியாது என்றது கம்பெனி. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், ஒரு வாரம் போலத்தான், முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரு வாரத்தில் எத்தனை பேர் ருசி பார்த்திருக்க முடியும்? ஆனாலும் அவர்கள் கோபம் தப்பில்லை. அதே காசுக்குத் தண்ணீர் அதிகம் என்றால் நாக்குக்குத் தெரியாவிட்டாலும் அநியாயம்தான்.

ஆகவே கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதைக்கு மார்க் போட்டுவிட்டு அதை நாக்கு போட்ட மார்க் என்று சொல்ல வேண்டாம் என்கிறேன். அண்ணன் சொன்ன மாதிரி "கிடைச்சுதுன்னு வாங்கினேன்" என்று எழுதினால் போதும். அந்த மார்க்கை நம்பி இன்னொருத்தர் பல மடங்கு காசு கொடுக்கிறார் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அரை அவுன்ஸ் வீதம் ஆறு கிளாஸ் என்றால் 90 மில்லி. 50 சதவீத சரக்கு என்றால் அது அமெரிக்கக் கணக்கில் இரண்டரை டிரிங்க். எங்கள் கூட்டத்தில் அதோடு நின்றதும் இல்லை. "ருசி பார்த்தோம்" என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனை இரவு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோம் என்று இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. நாலாவது கிளாஸுக்கு மேல் எழுதிய குறிப்புகளின் கையெழுத்தே வேறு மாதிரி இருக்கிறது. அந்த மார்க்கையெல்லாம் எக்செல்லிலிருந்து நீக்கிவிட்டேன்.

மிச்சம் என்ன? ரைக்கும் கோதுமைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. ஒரு வெல்லப்பாகு வாசனை. அவ்வளவுதான், ஆனால் இது இரவல் இல்லை. அடுத்து வயதைச் சோதிக்க வேண்டும்: ஒரே வடிசாலை, ஒரே தானியம், ஒரே புரூஃப், இருபது சுற்று, பத்து மாலை. முடிவு எப்படி வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன். நீங்கள் யாராவது வீட்டில் செய்து பார்த்தால் மார்க்கை அனுப்ப வேண்டாம். எத்தனைக்கு எத்தனை சரி என்று மட்டும் எழுதுங்கள். ஊற்றுவது வேறொருத்தராக இருக்கட்டும், வண்டிச் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.