பத்துக் கேள்விகள்

நாவல்களையும் சிறுகதைகளையும் விமரிசனம் செய்து வந்தவன் வைத்தியர்களின் கேள்வித்தாளைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வந்திருப்பது சிலருக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் படலாம். ஆனால் அதுவும் வார்த்தைகளால் ஆனதுதான். ஓர் உயிர் அந்த வார்த்தைகளை நம்பி இருக்கிறது என்பது மட்டும் வித்தியாசம்.

பிள்ளை பெற்றவர்களுக்கு வருகிற மனச்சோர்வைக் கண்டறிய, 1987-இல் பிரிட்டனில் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி என்ற மூவர் வெளியிட்ட தாள் அது. எடின்பரோ அளவுகோல் என்று பெயர். கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்தே கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். களைப்பு, பசியின்மை போன்ற உடம்புக் குறிகளை ஆசிரியர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். இரவில் மூன்று முறை எழுந்து பாலூட்டுகிறவளுக்குக் களைப்பு இருப்பதில் என்ன அதிசயம்? தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதுகூட, துயரத்தால் தூக்கம் கெட்டதா என்றுதான் கேட்கிறார்கள். சிரிக்க முடிகிறதா, காரணமின்றித் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாளா என்றெல்லாம் போய், தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடிகிறது. இவ்வளவு சிக்கனம் நம் நாவலாசிரியர்களில் பலருக்குக் கைவராது.

சிக்கல், அது நம் வீட்டுக்குள் நுழையும்போது ஆரம்பமாகிறது.

லால்பேட்டையை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகே, வீராணம் ஏரியை ஒட்டிய ஊர். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். பழைய அரபுக் கல்லூரி ஒன்று அங்கே உண்டு. ஆண்களில் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கிறவர்கள். அங்கே நாற்பது கழியாத ஒரு பெண்ணிடம், "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன்" என்பாள். அது பொய்யல்ல. இறைவனுக்குச் செலுத்த வேண்டிய நன்றியைச் செலுத்தினாள், அவ்வளவுதான். அடுத்த ஊர் ஹிந்துப் பெண், "ஏதோ ஆண்டவன் புண்ணியத்திலே இருக்கேன்" என்பதும் இந்த வகைதான். பாத்திரம் பேசும் முதல் வாக்கியத்தோடு கதையை முடித்துவிடுகிற ஆசிரியனை நாம் மதிப்பதில்லை. நர்ஸுக்கும் அதே விதிதான்.

தானே படித்துக் குறிப்பதற்காக எழுதப்பட்ட தாள், உரக்கப் படிக்கப்படும்போது வேறு தாளாகிவிடுகிறது. பக்கத்தில் மாமியார் நிற்கிறாள். கணவனின் குரல் துபாயிலிருந்து போனில் வருகிறது. அதை வீடே கேட்கிறது. அந்த இடத்தில் எந்தப் பெண் உண்மை பேசுவாள்? 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்தது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், ஏழ்மை, கைவேலைக்கு ஆளில்லாமை என்பவை காரணங்களாகத் தெரிந்தன. அதாவது, எவருக்கு எதிரில் சொல்ல முடியாதோ அவரே பல வீடுகளில் விஷயத்தின் ஒரு பகுதி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மூல ஆசிரியர்கள் 12 மதிப்பெண்ணுக்கு மேல் போனால் நோயை வலுவாகச் சந்தேகிக்கச் சொன்னார்கள். தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-இல் வெளியிட்டவர்கள் 9-லேயே கோடு போட்டார்கள். நம் பெண்கள் துக்கத்தைக் குறைத்தே சொல்கிறவர்கள் என்பது அதற்கு நான் கொள்ளும் பொருள். சொன்னாலும் உடம்பின் மேல் வைத்துச் சொல்வார்கள்: "நெஞ்சு படபடங்குது," "தலை கனக்குது," "கை காலு ஓடலை." உடம்பை விலக்கிய தாளுக்கு இந்தப் பேச்சு காதில் விழாது. மேனாட்டில் சிறப்பாக இருந்தது இங்கே குறையாகிறது.

மதிப்பெண் மட்டும் நோய் நிர்ணயம் ஆகாது. வீராணத்தில் 47.50 அடி என்று அளவுகோல் காட்டும். மதகைத் திறக்க மனிதன்தான் வர வேண்டும். பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டாலும், கர்ப்ப காலத்திலேயே இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டு கிடந்தாலும், வைத்தியர் தனியே உட்கார வைத்துப் பேச வேண்டும். சோகையும் தைராய்டுக் கோளாறும் உண்டா என்று ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குப் புத்தியே தடுமாறி, இல்லாத குரல்கள் கேட்கும். அது அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். ஓதட்டும், ஓதிவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸிலும் ஏற்றிவிடட்டும். அங்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது.

பத்தாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்பது வீண் பயம். தற்கொலையைப் பாவமென்று நம்புகிறவளுக்கு, அப்படியொரு நினைப்பு வந்ததை வெளியே சொல்ல வேறு வாசல் ஏது?

ஆகவே என் தீர்ப்பு இது: தாள் நல்ல தாள். அதைத் தமிழாக்குவது வார்த்தைகளோடு முடிகிற வேலையல்ல. மாமியாரை அடுத்த அறைக்கு அனுப்புவதும், பதில் வந்த பிறகு இன்னும் ஐந்து நிமிஷம் பேசாமல் காத்திருப்பதும் அந்த மொழிபெயர்ப்பில் சேர்ந்தவையே.