ஈயம்: சொல் ஒன்று, பொருள் இரண்டு

பினாங்குத் தமிழருக்கு ‘ஈயம்’ பழகிய சொல். கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டியது ஈயம். 20ஆம் நூற்றாண்டில் டத்தோ கிராமட் சாலை ஆலையில் உருக்கியதும் ஈயம். இவ்வழக்கில் அச்சொல் வெள்ளீயத்தையே சுட்டும். தமிழ்நாட்டு அறிவியல் எழுத்திலோ, அடைமொழியற்ற ‘ஈயம்’ பெரும்பாலும் காரீயமாகும். வெள்ளீயத்தின் அணுவெண் 50. காரீயத்தின் அணுவெண் 82. முன்னது உண்கலங்களுக்குப் பூசப்படுவது. பின்னது உடலுக்கு நஞ்சு.

இக்குழப்பத்தைக் காட்டி, தமிழ்ப் பெயரீடே செம்மையற்றது என்றும், மேலைமொழிகளில் உள்ளவாறு தனித்தனிப் பெயர் வேண்டும் என்றும் வாதிடலாம். அவ்வாதம் நிற்குமா?

கி.பி. முதல் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி, காரீயத்தைக் ‘கரிய ப்ளும்பும்’ என்றும் வெள்ளீயத்தை ‘வெள்ளைப் ப்ளும்பும்’ என்றும் பொருள்படவே குறித்தார். மலாயில் ‘தீமா ஹீத்தாம்’, ‘தீமா பூத்தே’ என வழங்குவதும் இம்முறையே. பிளினி காலத்தில் ‘ஸ்தன்னும்’ என்பது வெள்ளியும் காரீயமும் சேர்ந்த கலவையின் பெயர். அது வெள்ளீயத்திற்கு உரியதானது பிற்காலத்தில்தான். பிரெஞ்சின் ‘எத்தேன்’, இத்தாலியத்தின் ‘ஸ்தான்யோ’, ஸ்பானியத்தின் ‘எஸ்தான்யோ’ ஆகியவை அதன் வழிவந்தவை. அக்குடும்பத்தைச் சேர்ந்த ருமேனியமோ ‘கொசித்தோர்’ என்னும் ஸ்லாவியச் சொல்லை ஏற்றது. ஆதலின், மேலைமொழிகளின் தெளிவு பிறவியில் வந்ததன்று. வழக்கு வரையறுத்துத் தந்தது.

‘தகரம்’ என எழுதினால் போதாதா எனின், போதாது. பழைய அகராதிப் பொருள் வெள்ளீயமாயினும், இன்று அச்சொல் இரும்புத் தகட்டையே நினைவூட்டும். கூரைத் தகரத்தின் மேற்பூச்சோ துத்தநாகம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆவது. ‘ஈயம் நஞ்சு’ என்று மட்டும் வகுப்பில் படித்த மாணவன், வீட்டிலுள்ள நல்ல சொம்பைக் கண்டு அஞ்சுவான். ‘ஈயம் நல்லது’ என்று மட்டும் கேட்டவனோ, காரீயம் கலந்த போலிச்சொம்பை ஐயமின்றி வாங்குவான். இரண்டாவது பிழை உயிரோடு விளையாடுவது.

தமிழில் சொற்குறை இல்லை. வெள்ளீயம், காரீயம் என்னும் இரண்டும் ஐயத்திற்கு இடமின்றி உள்ளன. பேச்சில் ‘ஈயம்’ வழங்கட்டும். பாடநூலிலும் செய்தித்தாளிலும் அடைமொழியை விடாமல் எழுதுவதே முறை.