அழைத்துச் சென்றவரும் நடந்து சென்றவர்களும்

மதுரையில் ஆண்டுதோறும் சூலை மாதம் 8ஆம் நாளையொட்டி ஆலயப் பிரவேச நினைவுக் கட்டுரைகள் சில வெளிவருவதுண்டு. அவற்றில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தை நாம் காண்கிறோம்: 1939ஆம் ஆண்டில் வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்றார். இவ்வாக்கியத்தில் தகவற்பிழை எதுவும் இல்லை. ஆயினும் இதனை இலக்கணக் கண் கொண்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எழுவாய், அய்யர். மக்களோ இரண்டாம் வேற்றுமை ஏற்ற செயப்படுபொருள். யாருடைய உரிமைக்காக அந்நாள் விடிந்ததோ, அவர்கள் செய்தவர்களாக அன்றிச் செய்யப்பட்டவர்களாக நிற்கின்றனர்.

திறனாய்வு என்பது கதைக்கும் கவிதைக்கும் மட்டும் உரியதன்று. நினைவு மலர்களும் வாழ்க்கை வரலாறுகளும் மேடை உரைகளும் ஒரு சமுதாயத்தின் மனத்தை உருவாக்குவதால், அவையும் திறனாய்வுக்கு உட்பட்டவையே. அந்நோக்கில்தான் இவ்வாக்கியத்தை ஆராய முற்படுகிறோம்.

நிகழ்ந்தது என்ன? 1939 சூலை 8ஆம் நாள் காலையில் தமிழ்நாடு அரிஜன சேவா சங்கத்தின் தலைவரான வழக்கறிஞர் அ. வைத்தியநாத அய்யரும், எல்.என். கோபாலசாமியும், அவர்களுடன் அறுவரும் கோவிலுக்குள் நுழைந்தனர். தும்பைப்பட்டிக் கக்கன், ஆலம்பட்டி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா, விளாங்குடி பூவலிங்கம், முத்து ஆகிய ஐவர் தாழ்த்தப்பட்டோர். ஆறாமவர் விருதுநகர் சண்முக நாடார். கோவில் நிர்வாக அதிகாரியாயிருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களைத் தடுக்கவில்லை. பட்டர்களில் ஒரு சாரார் பூசை செய்ய மறுத்து விலகினர். அப்பிணக்கு 1945 வரை நீடித்தது. நுழைவுக்குத் துணைநின்றோரைக் காக்க இராஜாஜியின் அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, அவ்வாண்டிலேயே அதனை நிலையான சட்டமாக்கியது. 1946இல் காந்தியடிகள் அதே கோவிலுக்குள் சென்று வழிபட்டார்.

அய்யரின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. தம் சொந்தச் சமூகத்தின் சினத்திற்கு ஆளாகி, தம் வீட்டுக் கதவைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்து வைத்தவர் அவர். அத்தகைய நெஞ்சுரம் எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் ஒருவரைப் போற்றுவதற்காக அறுவரை மறக்க வேண்டுமா என்பதே நம் வினா. இராஜாஜியின் சட்டமா, எதிர்ப்பாளரை எச்சரித்த முத்துராமலிங்கத் தேவரின் துணையா, முன்னின்ற அய்யரின் துணிவா, எது முதன்மை என்று மேடைகளில் வாதம் எழுவதுண்டு. அவ்வாதத்தில், உள்ளே நடந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுவதே இல்லை.

அந்நாளுக்கு முந்தைய வரலாறும் இதே வாக்கியத்தால் மறைந்து போகிறது. 1897இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. இராஜா கோவில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். முதலில் மலபாருக்கு மட்டும் சட்டம் செய்வதே தக்கது என்று கருதிய அரசு அதனை ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. தாழ்த்தப்பட்டோரின் தலைவர் ஒருவர் தம் மக்களுக்காகக் கேட்டபோது கிடைக்காதது, ஓராண்டுக்குள் வேறொருவர் முன்னிற்கக் கிடைத்தது. காலம் கனிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். கேட்டவர் யார் என்பதும் காரணமன்றோ?

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போரிலும் இதனைக் காண்கிறோம். மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்தவர் யார் என்றால் ரோசா பார்க்ஸ் என்று பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். அது 1955 டிசம்பர் 1ஆம் நாள். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, மார்ச் 2ஆம் நாள், கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுச் சிறுமி அதே நகரில் அவ்வாறே மறுத்துக் கைதானாள். வயதிலும் வாழ்க்கை நிலையிலும் அவள் பொதுமக்கள் முன் நிறுத்தத் தக்கவளல்லள் என்று பெரியவர்கள் கருதினர். பார்க்ஸ் கைதான இரவில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டுப் பேருந்துப் புறக்கணிப்புக்கு வழிகோலியவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை. 381 நாட்கள் மக்கள் நடந்தே வேலைக்குச் சென்றனர். பேருந்தில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்புப் பெற்ற வழக்கைத் தொடுத்தோரில் கால்வினும் ஒருத்தி. எனினும் உலகம் கண்ட முகம், அப்போது இருபத்தாறே வயதான மார்ட்டின் லூதர் கிங்கின் முகம்.

அம்முகத்தைத் தேர்ந்தது தவறா? தவறென்று நாம் துணியமாட்டோம். பகைமை மிக்க பொதுமக்கள் முன் ஓர் இயக்கம் நிற்கும்போது, அவர்கள் செவிமடுக்கும் குரலை அது நாடவே செய்யும். மாண்ட்கோமரிக்கு நாவன்மை மிக்க ஒரு போதகர் தேவைப்பட்டார். மதுரைக்கு, மேல்சாதியார் எளிதில் ஒதுக்கிவிட முடியாத ஒரு வழக்கறிஞர் தேவைப்பட்டார். அது அன்றைய போர்முறை. அன்றைய தேவைக்காக முன்னிறுத்திய ஒருவரையே வரலாறு முழுமைக்கும் உரிமையாளராக ஆக்கிவிடுவதுதான் நம் பிழை. போர்முறை வேறு, தீர்ப்பு வேறு.

மறதி ஒருவகை அநீதி என்றால், தவறான புகழும் மற்றொரு வகை அநீதியே. ரோசா பார்க்ஸ் என்றதும் வேலை முடிந்து களைத்துப்போன தையற்காரப் பெண் என்பர். உண்மையில் அவர் 1943 முதல் அந்நகரின் கறுப்பின முன்னேற்றச் சங்கத்தில் செயலாளராய்ப் பணியாற்றிப் பழுத்தவர். அவரது உறுதியைக் களைப்பு என்று சொல்லி, ஒரு போராளியைப் பரிதாபத்திற்கு உரியவராக்கிவிட்டனர்.

நம் கக்கனுக்கு நேர்ந்ததும் அதுவே. அவரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் தவறாது கூறும் செய்தி, அமைச்சராயிருந்தவர் அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் படுத்திருந்தார் என்பதாகும். அந்நேர்மை வணங்கத்தக்கது. ஆயின் 1957 முதல் 1967 வரை பத்தாண்டுகள் அமைச்சராயிருந்த ஒருவரைப் பற்றிக் கூற அதுமட்டும்தானா உண்டு? பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை எனப் பெருந்துறைகளை அவர் ஆண்டார். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூடுகள் நிகழ்ந்த நாட்களில் காவல்துறைக்குப் பொறுப்பான அமைச்சரும் அவரே. அவரது திறமைக்காகப் பாராட்டுவதற்கும், அவரது முடிவுகளுக்காகக் கேள்வி கேட்பதற்கும் இடமுண்டு. ஏழ்மையை மட்டும் புகழ்வதால் அவ்விரண்டையும் நாம் தவிர்த்துவிடுகிறோம். பிற தலைவர்களை அறிவாலும் ஆற்றலாலும் அளக்கும் நாம், தாழ்த்தப்பட்டோரிலிருந்து எழுந்த தலைவரை மட்டும் அடக்கத்தால் அளப்பது ஏன்? அப்புகழ்ச்சியினுள்ளும் ஒரு படிநிலை ஒளிந்திருக்கவில்லையா?

இக்கேள்வியை மீனாட்சியம்மன் கோவில் வாசலோடு நிறுத்திவிட நமக்கு உரிமையில்லை. சாதிக்கொரு பக்கமாகச் சுவரெழுப்பி வழிபட்ட வடக்கன்குளம் ஆலயம் நம்முடையது. அச்சுவர் 1910இல் அகற்றப்பட்டது. அக்கதையைச் சொல்லும்போது ஆயரும் குருக்களும் வழக்குமன்றமும் நம் நாவில் முதலில் வருகின்றனர். அச்சுவர் கூடாது என்று முதலில் வாய்திறந்த பொதுநிலையினரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கூறுவோம்? பங்குகளின் பொன்விழா மலர்களைப் புரட்டினாலும், ஆலயம் கட்டிய குருவானவரின் படம் முதற்பக்கத்தில் இருக்கும். கல்சுமந்த கைகளுக்கு உரிய பக்கத்தை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

1959இல் இந்தியா வந்த கிங், கேரளத்துப் பள்ளியொன்றில் அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தப்பட்டதைப் பின்னாளில் தாமே நினைவுகூர்ந்தார். முதலில் அதிர்ந்ததாகவும், பின்னர் அது மெய்யே என ஏற்றதாகவும் அவர் கூறினார். உலகமே தலைவர் என அழைத்த ஒருவர், தம்மை மக்களுள் ஒருவராக மீண்டும் கண்டுகொண்ட நேரம் அது. தலைமையைப் பற்றிய நம் எழுத்துகள் கற்க வேண்டிய பாடம் அதில் உண்டு.

எனவே அவ்வாக்கியத்தைத் திருத்தி எழுத விழைகிறோம். 1939 சூலை 8ஆம் நாள் கக்கன், முருகானந்தம், சின்னையா, பூவலிங்கம், முத்து, சண்முக நாடார் ஆகியோர் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் சென்றனர். வைத்தியநாத அய்யரும் கோபாலசாமியும் அவர்களோடு சென்றனர். 'ஐ' உருபு நீங்கி 'ஓடு' உருபு வந்துள்ளது, மாற்றம் அவ்வளவே. இதனால் அய்யரின் புகழ் சிறிதும் குன்றவில்லை. தம்மைப் பின்தொடரச் செய்வதைவிட, உடன் நடப்பதையே அவரும் விரும்பியிருப்பார் என்று நாம் நம்புகிறோம். அடுத்த சூலையில் நினைவுக் கட்டுரை எழுதப் பேனா எடுப்போர் இச்சிறு உருபை மறவாதிருப்பாராக.