ஒரு ‘டொக்’, பல ‘டக டக’

அடியோடு நின்றுபோன வண்டியைச் சரிபண்ணப் பெரிய வித்தை வேண்டியதில்லை. பத்துத் தடவையில் எட்டுத் தடவை ஒழுங்காக எடுத்து, இரண்டு தடவை மட்டும் படுத்துக்கொள்கிற பழைய டீசல் ஜீப்தான் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனின் தரத்தைக் காட்டும். பட்டறை வாசலுக்கு வந்ததும் அது சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். ஓனர் முகம் சிறுத்துப்போகும்.

சங்கராபுரத்தில் இந்த நோய்க்கு ஒரு வட்டார விசேஷம் உண்டு. சேராப்பட்டு, வெள்ளிமலைப் பக்கம் ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிற ஜீப்புகளைக் கல்வராயன் மலையில் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார்கள். காலையில் சாவியைப் போட்டு, இரண்டாவது கியரில் உருட்டிக் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் மோட்டாரின் நோவு மாசக்கணக்கில் தெரியவே தெரியாது. கீழே இறங்கி, சமதளமான கடைவீதியில் நிறுத்தி எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ‘மேல நல்லாத்தாங்க இருக்குது’ என்று டிரைவர் சொன்னதும், நல்ல கைக்காரர் கேட்பார்: ‘மேல எப்படிண்ணே நிறுத்துவீங்க?’ இந்தக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மாதிரிக் கேள்விதான்.

அடுத்தது காது. ‘டக டக டக’ என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கும். ஒரே ஒரு ‘டொக்’ என்றால் மோட்டாருக்குக் கரன்டை விடுகிற சொலினாய்டு சுவிட்ச் இழுத்துவிட்டது, மோட்டார்தான் சுற்றவில்லை. சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து வருகிற சின்ன ஒயரைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்வார். தான் வண்டிக்கு முன்னால் நின்று விளக்கை மட்டும் பார்ப்பார். பட்டென்று அணைந்தால் பேட்டரி டெர்மினல் லூஸ். மங்கிச் சிவந்தால் பேட்டரியில் சத்தில்லை, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. கொஞ்சமும் மங்காமல் ‘டொக்’ மட்டும் கேட்டால் மோட்டார் கரன்டே எடுக்கவில்லை: சொலினாய்டுக்குள் செப்புத் தட்டு கருகியிருக்கும், இல்லையென்றால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஸ்பேனரைத் தொடாமலே பாதிச் சந்தேகங்களைக் கழித்துவிடுகிற இந்தச் சிக்கனத்துக்கு நான் அடிமை.

ஸ்பேனர் பிடியால் மோட்டாரில் ஒரு தட்டு தட்டி வண்டியைக் கிளப்பிக் காட்டுகிறவர்கள் உண்டு. தேய்ந்த கார்பன் அந்த அதிர்ச்சியில் ஆர்மேச்சரில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். சோதனையாக அதற்கு மதிப்பு உண்டு. வைத்தியம் என்று காசு வாங்கினால் அது மோசடி.

பலரும் ஏமாறுவது எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸை எஞ்சினோடு சேர்க்கிற ஒயரில். பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; புதுசே வாங்கிப் போட்டாலும் கோளாறு போகாது. டீசல் எஞ்சினைச் சுற்ற 200 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அத்தனை கரன்டில் 0.01 ஓம் தடைகூட 2 வோல்ட்டைத் தின்றுவிடும். அதனால் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் அடிக்கும்போது பார்ப்பார். முள் அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் ஒயரைக் கழற்ற வேண்டியதுதான். உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சையாகப் பொடிந்து கொட்டும். வெளியிலிருந்து பார்த்தால் பழுதே தெரியாது. நாலு இழை ஒட்டியிருக்கும் நாளில் எடுக்கும், அதிர்வில் விலகிய நாளில் எடுக்காது.

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, அதுவும் ராத்திரி நின்ற பிறகுதான் என்றால் மின்சாரத்தை விட்டுவிட வேண்டும். எங்கோ காற்று நுழைந்து, டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகாது. இதற்கு டீசல் குழாயின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப்பைச் சொருகி விட்டுவிடுவார்கள். மறுநாள் காலையில் அதில் குமிழி நிற்கும். டியூப்பை ஃபில்டருக்கு முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு, காற்று எந்தப் பக்கம் நுழைகிறது என்று பிடிப்பார்கள். கடைசியில் மாற்றுவது பெரும்பாலும் ஒரு செப்பு வாஷராக இருக்கும். பம்பையே கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொன்னவர்களும் அதே தெருவில் கடை வைத்திருப்பார்கள்.