கடலுயிர்ச் சித்திரமும் இல்லச் சுவரும்

சுவரின்றிச் சித்திரம் இல்லை என்பர். ஆயின், சுவர் ஏறியபின் சித்திரம் தன் பொருளை இழத்தலும் உண்டு. அறிவியல் நூல்களுக்கென வரையப்பெற்ற பழைய கடலுயிர்ப் படங்களைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டும் வழக்கம் இக்காலத்திற் பல நாடுகளிலும் பரவியுள்ளது. நூலகங்கள் பழைய நூல்களை மின்வடிவில் வெளியிட்டமையால் அவை எளிதிற் கிடைக்கின்றன. மன்னார்க் கடலும் இத்தகைய படங்களுக்கு நிலைக்களனாயிற்று ஆதலின், அவ்வழக்கத்தின் நிறைகுறைகளை ஆராய்தல் தகும்.

இவ்வழக்கிற்கு வழிகோலியோருள் தலையாயவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஆவர். 1881இல் இலங்கைக்கு வந்து வெலிகமவில் தங்கிக் கடலுயிர்களைத் திரட்டியவர் அவர். 1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளிவந்த 'இயற்கையின் கலை வடிவங்கள்' என்னும் அவரது நூல் நூறு படத்தாள்களை உடையது. அவர்தம் இல்லத்தின் மேற்றளத்தையே இழுதுமீன் உருவங்கள் அணிசெய்தன. 1900இல் நிகழ்ந்த பாரிஸ் பொருட்காட்சிக்கு ரெனே பினே அமைத்த பெருவாயிலும் ஹெக்கல் வரைந்த நுண்ணுயிர் வடிவங்களைத் தழுவியதே. எனினும், அழகின் பொருட்டு உயிர்களின் ஒழுங்கை அவர் மிகுத்துக் காட்டினார் என்னும் குறை அவர்மேற் கூறப்படுவதுண்டு.

மன்னார்ப் படங்கள் இவ்வியல்பின அல்ல. முத்துக்குளிப்பு நெடுங்காலம் பொய்த்தமையின் காரணம் அறியுமாறு, லிவர்ப்பூல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் 1902இல் இலங்கைக்கு வந்தார். அவரும் ஜேம்ஸ் ஹோர்னெலும் முத்துப் படுகைகளை ஆராய்ந்து கண்டவற்றை லண்டன் ராயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. கடற்பஞ்சு, பவளம், கடலட்டை, நண்டு முதலியவற்றைப் பல்வேறு அறிஞர் தனித்தனியே ஆராய்ந்தனர். சிப்பியின் உடற்கூறு 1904இல் வந்த இரண்டாம் பாகத்தில் விரிவாகக் காட்டப்பெற்றது. இங்குக் கோடு அலங்காரத்திற்கு அன்று, அறிவிற்கே பணிபுரிகின்றது. உறுப்புத்தோறும் எழுத்து உண்டு. எழுத்துத்தோறும் விளக்கம் உண்டு. அவ்விளக்கத்தை வெட்டி எறிந்து படத்தை மட்டும் மாட்டுவோர், உரையை நீக்கி எழுத்தின் அழகை மெச்சுவோரை ஒப்பர்.

இதனால் விளையும் இழப்பு இருவகைத்து. ஒன்று, ஆராய்ச்சியின் போக்கு மறைதல். நாடாப்புழுவின் குடம்பியைச் சூழ்ந்தே நன்முத்து உருவாகின்றது என ஹெர்ட்மனும் ஹோர்னெலும் கருதினர், குடம்பிகளும் படங்களாயின. பின்னர் 1912இல் லிஸ்டர் ஜேம்சன் அக்கொள்கையை மறுத்தார். சிப்பியின் போர்வைத் திசுவின் உயிரணுக்கள் உட்புகுந்து பையாக அமைதலே முத்திற்கு வழி என்பது இன்று ஏற்கப்பெற்றது. நூலில் உள்ள படம் இவ்வாதத்தில் ஓர் உறுப்பு. சுவரிலுள்ள படமோ மறுக்கவும் இயலாத மௌனப் பொருள்.

மற்றொன்று, இடமும் பெயரும் மறைதல். முத்துப் படுகையைக் குறிக்கும் 'பார்' என்னும் தமிழ்ச்சொல் அவ்வாங்கில அறிக்கையில் அப்படியே நின்றது. 'பெரிய பார்' முதலிய பெயர்களும் நின்றன. கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி வாரியோரின் மொழி அது. படம் தனியே பிரிந்து சுவரேறின் அம்மொழி அதனுடன் ஏறுவதில்லை. மன்னார்க் குழந்தை தன் கரையின் சிப்பியையே ஏதோ அயல்நாட்டு அணியென எண்ணி வளர்தல் கூடும்.

அவ்வாறாயின் இப்படங்களை இல்லத்தில் வைத்தலே தவறோ எனின், அன்று. நாள்தோறும் கண்ணிற் படுவது கருத்திலும் படும். கூடத்தில் தொங்கும் நண்டின் படம் ஒரு சிறுவனை நூலகத்துக்கு அனுப்பவும் வல்லது. வேண்டுவன மூன்றே: மூலநூலைச் சிதைக்காது படியெடுத்தல், படத்துடன் அதன் விளக்கத்தையும் ஆண்டையும் சட்டத்துள் அமைத்தல், இலத்தீன் பெயரின் கீழ் மீனவர் வழங்கும் தமிழ்ப்பெயரையும் எழுதுதல். இவை அமைந்தவழி, அச்சுவர் அழகோடு அறிவையும் தாங்கும்.