ஈரப் பனியில் கார்விங் போர்டு: ஒரு பருவத்துக்குப் பிறகு

2010 பிப்ரவரி 27. வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்ஸின் ஆண்கள் ஸ்னோபோர்டு பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் போட்டி சைப்ரஸ் மலையில் நடந்தது. மழை, மூடுபனி, காலடியில் ஊறிப்போன பனி. அந்தக் குளிர்காலம் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்ததால் லாரிகளிலும் ஹெலிகாப்டரிலும் பனியைக் கொண்டுவந்து, வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் பரப்பித்தான் அங்கே சில தடங்களையே அமைத்தார்கள். அப்படிப்பட்ட மலையில், தன் நான்காவது ஒலிம்பிக்ஸில், 34 வயது ஜேசி-ஜே ஆண்டர்சன் இறுதிச் சுற்றில் ஆஸ்திரியாவின் பெஞ்சமின் கார்லை முந்திக் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். ஈரப் பனியில் கார்விங் சரிப்படாது என்று சொல்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இந்தப் போட்டியைத்தான்.

ஆனால் ஆண்டர்சன் நின்றது பந்தயத்துக்கென்றே செய்த நீண்ட, ஒடுக்கமான போர்டில். காலில் போட்டிருந்தது வளையாத பிளாஸ்டிக் பூட்ஸ். அந்த மட்டத்துப் போட்டியாளர்களுக்குப் போர்டைப் பராமரிக்கவே தனி ஆள் இருப்பது வழக்கம். வார இறுதியில் மலைக்குப் போகிறவர்கள் இன்று வாங்குவது வேறு வகை: சாதாரண மென்பூட்ஸோடு ஓட்டக்கூடிய அகலமான கார்விங் போர்டு. ஸ்விட்சர்லாந்தின் ஜாக் ரில்லியேயும் பத்ரீஸ் ஃபிவாவும் உடம்பையே பனியில் கிடத்தித் திரும்பும் பாணியைக் கடின பூட்ஸில் செய்துகாட்டிப் பரப்பினார்கள். பிறகு கோருவா நிறுவனத்தின் ‘இயர்னிங் ஃபார் டர்னிங்’ காணொளிகள் மென்பூட்ஸ்காரர்களுக்கும் அந்த ஆசையை மூட்டிவிட்டன. இந்த வகைப் போர்டு ஒன்றை ஒரு பருவம் முழுக்க சைப்ரஸிலும் விஸ்லரிலும் ஓட்டிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. ஏறக்குறைய இதே அளவுகளில் பல நிறுவனங்கள் செய்கின்றன; நான் சொல்லப்போவது வடிவத்தையும் அதைக் கவனிக்க வேண்டிய விதத்தையும் பற்றி.

அளவுகள்: நீளம் 160 செ.மீ., இடுப்பு அகலம் 27 செ.மீ., பக்க வளைவின் ஆரம் 9 மீட்டர். முனை, வாலைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலம். தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்றே மேலெழும்பி நிற்கும், அதுதான் கேம்பர். ஏறி நின்றதும் அந்த வளைவு அமுங்கி விளிம்பின் முழு நீளத்தையும் பனிக்குள் இறக்குகிறது. இவற்றில் இடுப்பு அகலத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். போர்டு மிகவும் சாயும்போது பூட்ஸின் கட்டைவிரல் பக்கமோ குதிகாலோ பனியில் உரசினால் விளிம்பு பனியைவிட்டு எழும்பிவிடும், ஆள் சறுக்கிக்கொண்டு போய்விடுவார். 27 செ.மீ. இருந்தால் நடுத்தர அளவுக் காலுக்கு அந்தக் கவலை இல்லை. பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கின் கோணமும் மாற வேண்டும். வாத்து நடைபோல இரு பக்கமும் விரித்து வைப்பதைவிட, முன்கால் 30 டிகிரி, பின்கால் 15 டிகிரி என இரண்டையும் முன்நோக்கி வைத்தபோது என் இடுப்பு தானாகவே திருப்பத்துக்குள் வந்தது.

கார்விங் என்பது போர்டைத் திருப்புவதல்ல, சாய்ப்பது. சாதாரணத் திருப்பத்தில் போர்டு பக்கவாட்டில் தேய்ந்து பனியை வாரி இறைக்கும். கார்விங்கில் முனை கீறிய கோட்டிலேயே வாலும் போகும். பின்னால் திரும்பிப் பார்த்தால் பென்சிலால் போட்ட மாதிரி ஒரே கோடுதான் தெரியும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு இறுக்கமாகத் திரும்பும். கணக்குப்படி, 9 மீட்டர் ஆரமுள்ள போர்டை 60 டிகிரி சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் பாதியாகக் குறைந்து 4.5 மீட்டராகிவிடும்.

இரவில் உறைந்து, விடியற்காலையில் இயந்திரம் வரிவரியாகச் சீவிவிட்டுப் போன சரிவில் இந்தப் போர்டுக்கு நிகரில்லை. குதிகால் பக்கம் சாய்ந்து உட்காரும்போது அதிர்வே இல்லை. விளிம்பு பிடித்த இடத்திலிருந்து நழுவவில்லை. திருப்பம் முடியும் தறுவாயில் வால் நம்மை அடுத்த திருப்பத்துக்குத் தூக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் இதைவிட மகிழ்ச்சி தரும் விளையாட்டுக் கருவி எதையும் நான் கையில் எடுத்ததில்லை.

பத்தரை, பதினொரு மணிக்கு எல்லாம் மாறுகிறது. பசிபிக் கடலை ஒட்டிய மலைகள் இவை. கடல் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுவதால் பனிக்குப் பஞ்சமில்லை. எல்லைக்கு அப்பால் வாஷிங்டன் மாநிலத்து மவுன்ட் பேக்கரில் 1998–99 பருவத்தில் பெய்த 2,896 செ.மீ. பனி ஓர் உலகச் சாதனை. ஆனால் வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே ஊசலாடுகிறது. விஸ்லர் ஊர் கடல்மட்டத்திலிருந்து 670 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உச்சியில் பனி பெய்யும்போதே கீழே மழை பெய்யும். உலர்ந்த புதுப் பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும் என்றால், உருகி ஊறிய வசந்தகாலப் பனி 400 கிலோவைத் தாண்டிவிடும். இதனால்தான் அமெரிக்கப் பக்கத்தில் அதை ‘கேஸ்கேட் கான்கிரீட்’ என்கிறார்கள்.

இந்தக் கனத்தில் விளிம்பு தோற்பதில்லை. இளகிய பனியில் விளிம்பு எளிதாகவே இறங்குகிறது, சில சமயம் தேவைக்கு மேலேயே இறங்குகிறது. தோற்பது அடிப்பாகம். போர்டு வழுக்குவதற்குக் காரணம் அடிப்பாகத்துக்கும் பனிக்கும் இடையில் உருவாகும் மெல்லிய நீர்ப்படலம். பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே அந்தப் படலம் அளவோடு இருக்கும். பனி உருகத் தொடங்கியதும் நீர் அதிகமாகி, துளிகள் ஒன்றுசேர்ந்து, வழவழப்பான அடிப்பாகம் முழுக்க ஒட்டிக்கொண்டு போர்டைப் பின்னால் இழுக்கிறது. நிழலில் இறுகிக் கிடந்த பனியில் வேகமாக வந்து, வெயில் பட்ட பனிக்குள் நுழையும் நொடியில் போர்டு திடீரென மெதுவாகிறது. உடம்பு அதே வேகத்தில் முன்னே போகிறது. இந்த அகலப் போர்டில் இழுப்பு இன்னும் அதிகம், நீரில் படும் பரப்பு பெரியதாயிற்றே. விற்பனைப் பக்கங்கள் பக்க வளைவையும் கார்பன் இழைகளையும் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுகின்றன. கடலோர மலைகளில் நம்மைக் கீழே தள்ளுவதும் தள்ளாமல் காப்பாற்றுவதும் அடிப்பாகம்தான். அதைப் பற்றி அவற்றில் ஒரு வரிக்கு மேல் நான் பார்த்ததில்லை.

அந்த இழுப்பில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்னோபோர்டில் மிக அதிகமாக அடிபடுவது மணிக்கட்டு. இரு கால்களும் கட்டப்பட்டிருக்கும்போது தடுக்கி விழுந்தால் கையை ஊன்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நார்வேயில் 5,029 ஸ்னோபோர்டர்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2001இல் வெளிவந்தது. மணிக்கட்டுக் காப்பு அணிந்தவர்களில் 8 பேருக்கும் அணியாதவர்களில் 29 பேருக்கும் மணிக்கட்டில் காயம். இதற்குப் பிறகும் காப்பு அழகில்லை என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. என் விருப்பம், முன்கையின் பாதிவரை நீண்டு கொஞ்சம் வளைந்துகொடுக்கும் வகை. குட்டையாக விறைத்து நிற்கும் காப்பு அடியை முன்கை எலும்புக்கு நகர்த்திவிடலாம்.

கார்விங்கில் இன்னும் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். வேகத்தில் முன்னே எகிறி விழுந்தால் தோள்பட்டை, காரை எலும்பு. குதிகால் விளிம்பு மாட்டிப் பின்னால் விழுந்தால் பின்மண்டை. அதற்கு ஹெல்மெட் தவிர வேறு மருந்தில்லை. மூன்றாவது கணுக்கால். கணுக்கால் எலும்பின் வெளிப்பக்க நீட்சி முறிவதை மருத்துவர்கள் ஸ்னோபோர்டர் முறிவு என்றே அழைக்கிறார்கள். எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும், சுளுக்கு போலவே வலிக்கும். என் நண்பர் ஒருவருக்குச் சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். வாரக்கணக்கில் வலி குறையாமல் சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் முறிவு தெரிந்தது. விழுந்த பிறகு கணுக்காலின் வெளிப்பக்கம், எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் வலி உயிர்போகிறது என்றால் ஸ்கேன் கேளுங்கள்.

சரிவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் திருப்பங்கள் என்பதால் மோதலும் ஓர் ஆபத்து. குதிகால் பக்கம் திரும்பும்போது முதுகுப்புறம் எதுவும் தெரியாது. கீழே இருப்பவருக்கே முன்னுரிமை என்பது விதி. ஆனால் மேலிருந்து வருபவரால் நம் அடுத்த திருப்பம் எங்கே போகும் என்று ஊகிக்க முடியாது. ஒவ்வொரு குதிகால் திருப்பத்துக்கும் முன்னால் தோளுக்கு மேலாக ஒரு பார்வை வேண்டும். கூட்டம் இருந்தால் அன்று கார்விங் வேண்டாம்.

இனி பராமரிப்பு. இந்தப் போர்டோடு நான் செலவழித்த மாலைகளில் பெரும்பகுதி இதற்கே போனது, அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் வேலை அடிப்பாகத்தில் வரி போடுவது. பட்டறையில் சாணைக்கல் இயந்திரத்தில் கொடுத்து ஈரப் பனிக்கான ஆழமான வரிகளைக் கேட்டு வாங்கினேன். இந்த நுண்ணிய பள்ளங்கள் நீர்ப்படலத்தை உடைத்துக் காற்றை உள்ளே விடுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்த வழவழப்பான அடிப்பாகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், விஸ்லரின் நீண்ட சமதளப் பாதைகளில் நின்றுபோகாமல் கடக்கும்போதே தெரிந்தது.

அடுத்து மெழுகு. அடிப்பாகம் நுண்துளைகள் உள்ள பாலிஎதிலீன். உருக்கிய மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். வெதுவெதுப்பான பனிக்குரிய மென்மையான மெழுகுக்கு இஸ்திரியை ஏறக்குறைய 120 டிகிரியில் வைத்தால் போதும். புகை வந்தால் சூடு அதிகம். ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. பைண்டிங் திருகுகளைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் வழியாகச் சூடு இறங்கி அடிப்பாகத்தில் குழி விழும். ஆறிய பிறகு சுரண்டியால் வழித்து, பித்தளைத் தூரிகையாலும் பிறகு நைலான் தூரிகையாலும் நன்றாகத் தேய்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படிதான். தேய்க்காவிட்டால் வரிகளுக்குள் மெழுகு அடைத்துக்கொண்டு, பணம் கொடுத்துப் போட்ட வரிகள் வீணாகும்.

முன்பெல்லாம் ஈரப் பனிக்குப் புளூரின் மெழுகுதான் தீர்வு. நீரை அது அருமையாக விரட்டும். ஆனால் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடும் வேதிப்பொருள் அது. சர்வதேச ஸ்கீ மற்றும் ஸ்னோபோர்டு கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்து தன் போட்டிகளில் அதை முற்றிலும் தடைசெய்துவிட்டது. பழைய டப்பா வீட்டில் கிடந்தாலும் பயன்படுத்தாதீர்கள். இந்த மலைப் பனி உருகி ஓடுவது ஆறுகளில்தான்.

வசந்தகாலப் பனியில் மகரந்தம், மரப்பிசின், லிஃப்டின் மசகெண்ணெய் எல்லாம் கலந்திருக்கும். அடிப்பாகத்தில் பழுப்பாகப் படியும் அழுக்கின் மேல் புது மெழுகு பூசினால் அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். மென்மையான மெழுகை உருக்கி ஊற்றி, ஆறும் முன்பே சூட்டோடு வழித்தெடுத்தால் அழுக்கும் சேர்ந்து வந்துவிடும். அதன் பிறகே நாளைக்கான மெழுகு.

விளிம்புக்கு இங்கே எதிரி துரு. மலையிலிருந்து இறங்கியதும் துணியால் துடைக்காவிட்டால் மறுநாள் காலையில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். காரின் கூரையில் மூடாமல் கட்டிக்கொண்டு வந்தால் சாலையில் தூவிய உப்பும் சேர்ந்துகொள்ளும். ஈரமான போர்டை உறையில் வைத்து ஜிப்பைப் போடவே கூடாது. விளிம்பின் கோணம் அடியில் 1 டிகிரி, பக்கத்தில் 2 டிகிரி எனக்குச் சரியாக அமைந்தது. வைரக்கல்லால் இரண்டு இழுப்பு இழுத்து, முனையிலும் வாலிலும் ரப்பர் கல்லால் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கினால், கனத்த பனியில் முனை எதிர்பாராமல் கொக்கிபோட்டு மாட்டுவது குறைகிறது.

குறைகளைச் சொல்கிறேன். மதியத்துக்குப் பிறகு பனி குவியல் குவியலாகக் கிடக்கும்போது இந்த விறைப்பான கேம்பர் போர்டு தொடைகளைச் சோர்வடையச் செய்கிறது. அகலமாக இருப்பதால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாற ஒரு கணம் கூடுதலாகிறது. மரங்களுக்கிடையில் ஓட்ட உகந்ததல்ல. புதிதாகக் கற்பவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டாம். இரண்டு விளிம்புகளிலும் பயமின்றி நிற்கத் தெரிந்தவர், லிஃப்ட் திறக்கும் நேரத்துக்கே வரிசையில் நிற்கத் தயாராக இருப்பவர், மாலையில் ஒரு மணி நேரம் இஸ்திரியோடு உட்காரச் சலிக்காதவர் தாராளமாக வாங்கலாம். சிறிய பாதம் உள்ளவர்கள் மட்டும் 26 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புதுசு விலை அதிகம் என்று பயன்படுத்திய போர்டைத் தேடுகிறவர்கள் ஏப்ரல் முடியும்வரை பொறுத்திருங்கள். அப்போது நிறைய விற்பனைக்கு வரும். மேல்தகட்டின் கீறல்களைக் கண்டுகொள்ளாதீர்கள். விளிம்பை ஒட்டிய பக்கச் சுவரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் உள்ளே நீர் புகுந்து மரம் ஊறியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அடிப்பாகம் வெளுத்து, உலர்ந்த திட்டுகளாக இருந்தால் மெழுகு காணாமல் காய்ந்திருக்கிறது. அது சில முறை மெழுகு ஏற்றினால் பெரும்பாலும் மீண்டுவிடும். வாங்கியதும் முதல் செலவாகப் பட்டறையில் கொடுத்து ஈரப் பனிக்கான வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.